சர்வீஸ் எத்தனை வருஷம்? போஹும் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு கைபேசி வேலை போன பாதை

தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்பது உறுதியான அன்று, ஷிப்ட் முடிந்து வாசலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "உனக்கு சர்வீஸ் எத்தனை வருஷம்?" செட்டில்மென்டாக எவ்வளவு வரும், கிராஜுவிட்டி உண்டா இல்லையா, வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனால் எந்த அனுபவத்தைச் சொல்லிக் கேட்பது என எல்லாமே அந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. நிலமோ கடையோ இல்லாத குடும்பத்துக்கு, வேலை பார்த்த வருஷங்கள்தான் சேர்த்து வைத்த ஒரே பொருள்.

வேலைகள் வெளிநாட்டுக்குப் போவதைப் பற்றிய பேச்சு வழக்கமாகக் கூலியில் ஆரம்பித்துக் கூலியிலேயே முடிந்துவிடும். அங்கே கூலி அதிகம், இங்கே குறைவு, அதனால் வேலை இங்கே வந்தது. அவர்களுக்கு நஷ்டம், நமக்கு லாபம். இந்தக் கணக்கு பொய் இல்லை. ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதியைப் பார்க்க, கூலியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த வாசல் கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வேலை ஊர் ஊராகப் போகும்போது, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வருஷம் தங்குகிறது? கிளம்பும்போது யார் கையில் எதை விட்டுவிட்டுப் போகிறது?

எடுத்துக்கொண்ட நிகழ்வு நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலைகள். ஜெர்மனியில் போஹும், ருமேனியாவில் ஜுக்கு, நம் ஊரில் ஸ்ரீபெரும்புதூர். வேலை வந்து இறங்கியதையும் அது கிளம்பிப் போனதையும் ஒன்பது வருஷத்துக்குள் பார்த்துவிட்ட ஊர் ஸ்ரீபெரும்புதூர். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்கள் நாம். அதனால்தான் ஜெர்மனியில் நடந்ததை வேறு யாருக்கோ நடந்ததாக என்னால் படிக்க முடியவில்லை.

போஹும்: சுரங்கத்துக்குப் பிறகு வந்த வேலை

போஹும் ரூர் பள்ளத்தாக்கு ஊர். நிலக்கரியும் எஃகும் வளர்த்த ஊர். 1960களில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. நகரின் கடைசிச் சுரங்கம் 1973இல் நின்றது. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ஓப்பல் கார் தொழிற்சாலை. 1962இல், பழைய சுரங்க நிலத்தின் மேலேயே அதைக் கட்டினார்கள். இன்னொரு பக்கம் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் ஆலை ஒன்று இருந்தது. 1980களின் கடைசியில் அது நோக்கியாவின் கைக்கு வந்தது. பிறகு தொலைக்காட்சி போய், கைபேசி வந்தது. தாத்தா சுரங்கத்தில், அப்பா ஓப்பலில், மகள் நோக்கியாவில் என்று சொல்லக்கூடிய குடும்பங்களின் ஊர் அது. வேலை மாறினாலும், ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்ற நம்பிக்கை மாறாமல் இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு அரசும் பணம் போட்டது. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து ஏறத்தாழ 88 மில்லியன் யூரோ மானியம் கொடுத்திருந்தன. பதிலுக்கு 2,856 நிரந்தர வேலைகளைக் காப்பாற்றித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைக்கு ஒரு காலாவதித் தேதி இருந்தது: 2006 செப்டம்பர்.

2008 ஜனவரி 15 அன்று அறிவிப்பு வந்தது. ஆலை அந்த ஆண்டு நடுவிலேயே மூடப்படும், உற்பத்தி ருமேனியாவுக்குப் போகும். அப்போது நிரந்தரப் பணியாளர்கள் 2,300 பேர். இவர்களைத் தவிர ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

ஊரைக் கொதிக்க வைத்தது மூடல் மட்டுமில்லை, அது வந்த நேரமும்தான். அறிவிப்பு வந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில் நோக்கியா தன் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது: 2007ஆம் ஆண்டின் நிகர லாபம் 7.2 பில்லியன் யூரோ, உலகில் விற்கும் கைபேசிகளில் பத்தில் நான்கு அவர்களுடையது. நொடித்துப்போன கம்பெனி ஆளை அனுப்பினால் மனசு ஒருமாதிரி ஏற்றுக்கொள்கிறது. கொழித்துக்கொண்டிருக்கும் கம்பெனி அனுப்பும்போது, "நாங்கள் என்ன குறை வைத்தோம்?" என்ற கேள்விக்குப் பதிலே கிடைப்பதில்லை. குறை எதுவும் இல்லை என்பதுதான் இங்கே பதில். அதை ஏற்றுக்கொள்வதுதான் இன்னும் கடினம்.

ஊர்வலத்தில் பதினைந்தாயிரம் பேர் அளவுக்குத் திரண்டார்கள். ஓப்பல் தொழிலாளர்கள், கடைக்காரர்கள், தேவாலயக் குழுக்கள் எல்லாரும் வந்தார்கள். மத்திய அமைச்சர் ஹோர்ஸ்ட் சீஹோஃபர் தன் நோக்கியா கைபேசியைத் திருப்பித் தரப்போவதாகச் சொன்னார். மாநில முதல்வர் யூர்கன் ரூட்கர்ஸ் அந்த நிறுவனத்தை மானியம் தின்னும் வெட்டுக்கிளி என்றார். நிதியமைச்சர் பேர் ஸ்டைன்ப்ரூக், வணிகக் கூட்டம் போல ஊர் ஊராகக் கூடாரம் பெயர்க்கும் முதலாளித்துவம் என்று பெயர் வைத்தார். வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. முடிவு மட்டும் மாறவில்லை.

நிறுவனம் சொன்ன காரணம் செலவு. ஜெர்மனியில் ஆள் செலவு ருமேனியாவைப் போலக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. உதிரிபாகம் செய்பவர்களும் போஹுமுக்குப் பக்கத்தில் வர மறுக்கிறார்கள். தொழிலாளர் தரப்பு இதற்கு நேராகப் பதில் சொன்னது: ஒரு கைபேசியின் மொத்தச் செலவில் எங்கள் கூலி ஐந்து சதவீதம்கூட இல்லை. இரண்டு பேர் சொன்னதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் வேதனை. ஒரு போனுக்குச் சில சில்லறைக் காசு மிச்சம். கோடிக்கணக்கான போன்களால் பெருக்கினால் பெரிய தொகை. அந்தச் சில்லறைக் காசுக்குள்தான் ஒருவரின் இருபது வருஷ வேலை இருந்தது.

சரி, அவர்களுக்கு என்ன கிடைத்தது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நம் ஊர்க் கணக்குடன் ஒப்பிடப் போகிறேன். ஜெர்மனியில் 1972ஆம் ஆண்டின் நிறுவன அமைப்புச் சட்டப்படி, இப்படி ஒரு மூடலில் தொழிலாளர் மன்றத்துடன் உட்கார்ந்து இழப்பீட்டுத் திட்டம் ஒன்றைப் பேசி முடித்தாக வேண்டும். கம்பெனி தானாகத் தொகையை எழுதி ஒட்டிவிட்டுப் போக முடியாது. போஹுமில் மூன்று மாதம் இழுத்த பேச்சு 200 மில்லியன் யூரோவில் முடிந்தது. 2,300 பேருக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 87,000 யூரோ. இது வெறும் சராசரிதான்; வேலை போனவர்களைக் கொஞ்ச காலம் சம்பளத்தில் வைத்து மறுபயிற்சி கொடுக்க உருவாக்கிய நிறுவனத்தின் செலவும் இதற்குள் அடக்கம். யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தவற்றில் முக்கியமானது நாம் முதலில் பார்த்த அதே எண்தான், சர்வீஸ். 2008 ஜூன் 30 அன்று ஆலை நின்றது. மானியத்தை வட்டியுடன் திருப்பிக் கேட்ட மாநில அரசு, கடைசியில் அந்த ஊரின் மறுவாழ்வுக்காக நோக்கியா 20 மில்லியன் யூரோ கொடுப்பது என்ற சமரசத்தில் இறங்கிவிட்டது.

ஏஜென்சி ஆட்கள் இந்த 2,300க்குள் வரவில்லை. அவர்களுடைய முதலாளி ஏஜென்சிதானே தவிர நோக்கியா இல்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று அதே போனைப் பூட்டிய இரண்டு பேரில் ஒருவருக்கு சர்வீஸ் இருந்தது, இன்னொருவருக்கு இல்லை. இந்தக் கோட்டை இங்கேயே கவனித்துவிடுங்கள். ஜெர்மனியில் ஓரமாக ஓடிய அந்தக் கோடு, நம் ஊருக்கு வரும்போது நடுவில் வந்துவிடுகிறது.

பணம் வாங்கினார்களே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். நீண்ட சர்வீஸ் உள்ளவர் வேலை இழந்தால் என்ன ஆகிறது என்று அமெரிக்காவில் கவனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பென்சில்வேனியா மாநிலத் தொழிலாளர்களைப் பற்றி 1993இல் ஜேக்கப்சன், லலோண்ட், சலிவன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, கம்பெனி நொடித்ததால் வேலை இழந்தவர்கள் ஐந்தாறு வருஷம் கழித்தும் முன்பு வாங்கியதைவிடக் கால்பங்கு குறைவாகவே சம்பாதித்தார்கள் என்று காட்டியது. வேறு வேலை கிடைத்த பிறகும் இந்த நிலைமை. 2009இல் சலிவனும் ஃபான் வாக்டரும் அதே மாநிலத்தின் நீண்ட சர்வீஸ் ஆண்களின் இறப்புக் கணக்கைப் பார்த்தார்கள். வேலை போன உடனடி ஆண்டுகளில் இறப்பு விகிதம் 50 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. ஒரு இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிற கை, இன்னொரு வாசலில் போய் நின்றால் புதுக் கைதான். எத்தனை வருஷம் உழைத்தாரோ, அவ்வளவும் அந்த வாசலில் கழிந்துபோகிறது.

ஜுக்கு: நான்கு வருஷம்கூட இல்லை

க்ளுஜ் நகரத்துக்குப் பக்கத்தில் ஜுக்கு ஒரு கிராமம். மாவட்ட நிர்வாகம் தொழிற்பூங்கா அமைத்துக் கொடுத்தது. நோக்கியா ஏறக்குறைய 60 மில்லியன் யூரோ போட்டது. 2008 பிப்ரவரியில், போஹும்காரர்கள் இன்னும் தெருவில் நின்றுகொண்டிருந்தபோதே, உற்பத்தி தொடங்கியது. போஹுமுக்கு நஷ்டம், ஜுக்குவுக்கு லாபம் என்று எல்லாரும் எழுதினார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று, ஜுக்குவும் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. வேலை போனவர்கள் சுமார் 2,200 பேர். இந்த முறை சொன்ன காரணம், உதிரிபாகம் செய்பவர்கள் எல்லாம் ஆசியாவில் இருக்கிறார்கள், தொழிற்சாலையும் அங்கேயே இருப்பது நல்லது என்பது. அடுத்த ஆண்டு நோக்கியாவின் சொந்த நாட்டிலேயே, பின்லாந்தின் சாலோ ஊரில் இருந்த ஆலையும் அதே வழியில் போனது. பத்து மடங்கு குறைந்த கூலியும் ஜுக்குவைக் காப்பாற்றவில்லை. குறைந்த கூலியை நம்பி வேலையை வாங்கியவர், அதைவிட வசதியான இடம் ஒன்று தென்படும் வரைக்கும்தான் அதை வைத்திருக்க முடிந்தது.

ஜுக்குவின் கட்டடத்தைப் பிறகு இத்தாலியின் டெலோங்கி நிறுவனம் வாங்கி, வேலைகள் ஓரளவு திரும்பின. அந்த ஊரைப் பொறுத்தவரை இது நல்ல முடிவுதான். அங்கிருந்து பாதை நம் பக்கம் திரும்புகிறது.

ஸ்ரீபெரும்புதூர்

போஹும் வேலை நேராக ஸ்ரீபெரும்புதூருக்கு வந்ததாகச் சொல்ல மாட்டேன், அப்படி நடக்கவில்லை. நம் ஆலைக்கு 2005 ஏப்ரலிலேயே தமிழக அரசுடன் ஒப்பந்தம் ஆகி, 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. போஹும் மூடியபோது இங்கே வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஐரோப்பாவில் இருந்து ஆசியாவுக்கு வேலை வடிந்த அதே வாய்க்காலில்தான் நாமும் இருந்தோம்.

சென்னையில் இருந்து பெங்களூர் சாலையில் நாற்பது கிலோமீட்டர். சிறப்புப் பொருளாதார மண்டலம், குறைந்த செலவில் குத்தகை நிலம், வரிச் சலுகை. அது மட்டும் இல்லை. அந்த மண்டலத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிப்பதாகவும் அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அதாவது, முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். தண்ணீரும் மின்சாரமும் போலக் கைபேசியும் ஒரு நாளும் நிற்கக் கூடாத சேவை ஆகிவிட்டது. போஹுமில் மானியத்துக்குப் பதிலாக அரசு 2,856 வேலைகளை எழுதி வாங்கியது. இங்கே அரசு, தான் கொடுத்த சலுகைகளோடு தொழிலாளரின் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது.

அப்படியிருந்தும், அந்த வேலை வந்தபோது இருந்த சந்தோஷம் உண்மையானது. அதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வுக்கு அர்த்தமில்லை. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். சார்ஜர், உறை, சின்னச் சின்னப் பாகம் செய்யும் கம்பெனிகளில் இன்னும் பல ஆயிரம் பேர். பாதிக்கும் மேல் பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள். விடியுமுன் கம்பெனி பஸ் ஊர்முனைக்கு வரும். அதுவரை வயல் வேலையோ கல்யாணமோ என்று இருந்த பதினெட்டு வயதுக்கு மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஒரு சம்பளம், கழுத்தில் அடையாள அட்டை, பி.எஃப். எண். தம்பியின் கல்லூரிக் கட்டணம் அதில் போனது. கூரை வீடு ஓட்டு வீடானது. "என் பொண்ணு நோக்கியால இருக்கு" என்று சொல்வதில் அப்பாக்களுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. வெளிநாட்டில் இருந்து வேலை வருவதை வெறும் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களிடம் நான் ஒத்துப்போகாத இடம் இது. அந்தப் பெண்களுக்கு அந்த வேலை கிடைத்திருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அதே நேரம் வேலை லேசானதும் இல்லை. மூன்று ஷிப்ட், நின்றபடி வேலை, மணிக்கணக்கில் எண்ணி முடிக்க வேண்டிய இலக்கு. சம்பள உயர்வுக்காகவும் நிரந்தரத்துக்காகவும் 2009லும் 2010லும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 அக்டோபர் இறுதியில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். பயிற்சியாளராகச் சேர்ந்தவர் நிரந்தரமாகி, சங்கத்தில் பேசி, சம்பளம் மெல்ல ஏறி, அந்த வேலை ஒரு வாழ்க்கை வேலையாக மாறத் தொடங்கியதே 2011, 2012 வாக்கில்தான். சர்வீஸ் ஐந்தைத் தாண்டி ஆறு, ஏழு என்று ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆலை தடுமாறத் தொடங்கியதும் அப்போதுதான்.

மூடியது யார்?

மூன்று கயிறுகள் ஒன்றாக இறுகின. ஏதோ ஒன்றை மட்டும் எடுத்துப் பழி போட்டால் கதை சுலபமாகும், ஆனால் சரியாக இருக்காது.

முதல் கயிறு சந்தை. தொடுதிரை போன்கள் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் செய்துகொண்டிருந்தது பெரும்பாலும் பட்டன் போன்கள். இரண்டாவது கயிறு வரி. மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2013இல் 2,080 கோடி ரூபாய் கேட்டது, சொத்துகள் முடக்கப்பட்டன. 2014இல் மாநில அரசும் தன் பங்குக்கு 2,400 கோடி ரூபாய் விற்பனை வரி கேட்டது. மூன்றாவது கயிறு, 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் விற்பனை. 5.44 பில்லியன் யூரோவுக்கு நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. சென்னை ஆலையைக் கைமாற்ற, வரி பாக்கிக்காக உச்ச நீதிமன்றம் 3,500 கோடி ரூபாய் உத்தரவாதம் கேட்க, அதைத் தராமல், சென்னை ஆலையை மட்டும் விட்டுவிட்டு 2014 ஏப்ரல் 25 அன்று அந்த வியாபாரம் முடிந்தது. ஆலை நோக்கியாவிடம், ஆர்டர் மைக்ரோசாஃப்டிடம். தலை ஒருவரிடம், உடம்பு ஒருவரிடம்.

வரி கட்டச் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. இழப்பு யார் தலையில் இறங்கியது என்பதைத்தான் பார்க்கிறேன். வரி வழக்கு 2018இல் இரு நாட்டு அரசுகளும் பேசி, சுமார் 202 மில்லியன் யூரோவில் தீர்ந்தது. கம்பெனிக்கும் அரசுக்கும் பேசித் தீர்த்துக்கொள்ள நான்கு வருஷம் கூடுதலாக இருந்தது. தொழிலாளிக்குச் சில வாரங்கள்தான் இருந்தன.

2014 ஏப்ரலில் வி.ஆர்.எஸ். அறிவிப்பு வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்தார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர். இருபத்தாறு வயதில் யாருக்கு ஓய்வு பெற விருப்பம் இருக்கும்? வரிசைகளில் போன் குறைந்துகொண்டே வருவது அவர்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இப்போது வாங்காவிட்டால் இதுவும் கிடைக்காது என்ற பயம்தான் கையெழுத்துப் போட்டது. அக்டோபர் 7 அன்று மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் முடிவதாக அறிவிப்பு. நவம்பர் 1 முதல் உற்பத்தி நிறுத்தம். எஞ்சியிருந்த சில நூறு பேரும் வெளியே வந்தார்கள். டிசம்பரில், நோக்கியாவை நம்பி இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் ஸ்ரீபெரும்புதூரில் நின்றது. அங்கே இன்னொரு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அதே டிசம்பரில்தான் போஹுமில் ஓப்பல் தொழிற்சாலையும் 52 வருஷம் ஓடி நின்றது.

உற்பத்தி எங்கே போனது? 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் 12,500 பேர் நோக்கியாவில் இருந்து வந்தவர்கள். ஹங்கேரியின் கோமாரோம் ஆலை மூடப்பட்டு, வேலை முக்கியமாக வியட்நாமின் ஹனோய் பக்கம் குவிந்தது. 2016இல் அந்த ஹனோய் ஆலையும் பட்டன் போன் தொழிலோடு சேர்த்து ஃபாக்ஸ்கான் குழுமத்தின் கைக்கு விற்கப்பட்டது.

எண்ணை எண்ணோடு வைத்துப் பார்த்தால்

இப்போது வாசல் கேள்விக்கு வருகிறேன். போஹுமில் நோக்கியா இருந்தது ஏறக்குறைய இருபது வருஷம். ஸ்ரீபெரும்புதூரில் ஒன்பது வருஷம் நிரம்பவில்லை. ஜுக்குவில் நான்கு வருஷம் நிரம்பவில்லை.

நம் சட்டப்படி, ஆலை மூடினால் ஒவ்வொரு முழு ஆண்டு சர்வீஸுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு; ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சமும் ஓர் ஆண்டாகவே கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் ஆலை திறந்த முதல் நாள் சேர்ந்து, கடைசி நாள் வரை ஒரு நாளும் விடாமல் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு முழு ஆண்டு, அதற்கு மேல் ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம்; கணக்குக்கு ஒன்பது ஆண்டு. ஒன்பது பதினைந்து நூற்று முப்பத்தைந்து நாள். நான்கரை மாதச் சம்பளம். இதற்கு மேல் அவரால் சம்பாதித்திருக்கவே முடியாது, ஏனென்றால் ஆலையின் வயசே அவ்வளவுதான். வி.ஆர்.எஸ்.ஸில் இதைவிடக் கூடுதலாகச் சில லட்சங்கள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் அது கம்பெனி தீர்மானித்துக் கொடுத்தது. சட்டம் வாங்கிக் கொடுத்தது இல்லை. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் பிரிவு இருந்தது. தானாக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பிரிவால் என்ன பயன்?

ஜுக்குவில் நடந்தது இங்கே நடந்திருந்தால் கிராஜுவிட்டிக்கு வேண்டிய ஐந்து வருஷமே யாருக்கும் வந்திருக்காது.

தொழிலாளர் சட்டங்கள் எழுதப்பட்ட காலத்தில், தொழிற்சாலை என்பது தொழிலாளியைவிட அதிக நாள் வாழும் என்று எல்லாரும் எண்ணினார்கள். பெரம்பூர் ரயில் பெட்டி ஆலையைப் போல, ஆவடி டாங்கி ஆலையைப் போல. ஆள் வருவார், முப்பது வருஷம் இருப்பார், ஓய்வு பெறுவார், ஆலை நிற்கும். பணி மூப்பு, கிராஜுவிட்டி, மூடல் இழப்பீடு, சங்கத்தின் பேர பலம் எல்லாம் வருஷங்கள் சேரச் சேரக் கனம் கூடும்படி அமைக்கப்பட்டவை. நாடு விட்டு நாடு போகும் வேலை அடிக்கும் இடம் இதுதான். அது கூலியைக் குறைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சர்வீஸ் சேர விடாமல் செய்வதன் மூலம், சட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், அந்தச் சட்டத்தின் கனத்தைக் குறைத்துவிடுகிறது.

இப்போது சட்டத்தின் வரிகளும் மாறிவிட்டன. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு, அனுமதி வாங்காமல் மூடக்கூடிய ஆலையின் அளவை 100 பேரில் இருந்து 300 பேராக உயர்த்தியிருக்கிறது. குறித்த காலப் பணி என்ற முறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்பது ஜுக்கு மாதிரிச் சூழலில் நிஜமாகவே உதவும், அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சலுகையின் அடியில் ஓர் ஒப்புதலும் இருக்கிறது. இனி சர்வீஸ் ஐந்து வருஷம் சேராது என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? இருபத்தாறு, இருபத்தெட்டு வயது, எட்டு வருஷ அனுபவம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆள் எடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள்: 18 முதல் 25 வயது வரை என்பதுதான் வழக்கமான வரி. அனுபவம் கேட்கும் விளம்பரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போஹுமில் ஐம்பது வயதில் நடந்தது இங்கே இருபத்தாறு வயதில் நடந்துவிட்டது. ஜெர்மானியப் பெண்ணுக்குப் பாதி வாழ்க்கை கழிந்த பிறகு கிடைத்த "உனக்கு வயசாகிவிட்டது" என்ற பதில், நம் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பே கிடைத்தது. சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் குறைந்த சம்பளத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்தார்கள். பலருக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணம் ஆனவர்களுக்குத் தொழிற்சாலைக் கதவு எப்படி இருக்கும் என்பது 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வில் பேசுபொருளானது: ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்றது அந்தச் செய்தி. நிறுவனம் மறுத்தது, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

ஆம், ஃபாக்ஸ்கான் திரும்பி வந்தது. நோக்கியாவின் கட்டடத்தை 2019 நவம்பரில் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது. விளக்கு மீண்டும் எரிகிறது. சீனாவில் இருந்து வேலை நகர்கிறது, நாம் வாங்கிக்கொள்கிறோம். அது நல்லது. ஆனால் எந்த நிபந்தனையில் வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்கிறேன். 2021 டிசம்பரில், ஹாஸ்டல் உணவு விஷமாகி 159 பெண்கள் மருத்துவமனைக்குப் போனபோது, ஆயிரக்கணக்கானோர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் வெளியே தெரிந்தது, அவர்களில் பெரும்பாலோர் ஏஜென்சி மூலம் வந்தவர்கள் என்பது. போஹுமில் ஓரமாக ஓடிய கோடு என்று சொன்னேனே, அது இதுதான்.

அதன்பிறகு மாற்றம் வந்தது, மறுக்கவில்லை. வல்லம் வடகாலில் அரசு 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 18,720 பெண்கள் தங்கும் ஹாஸ்டலைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பாதுகாப்பான இடம், சுத்தமான சாப்பாடு. 2021ஐ நினைத்தால் பெரிய முன்னேற்றம். ஆனாலும் அது கட்டில் கணக்கு. மணமாகிக் குழந்தையோடு, பதினைந்து வருஷம் அதே வேலையில் இருக்கப்போகிற ஒருத்திக்கான வீட்டுக் கணக்கு இல்லை. எத்தனை நாள் தங்குவாள் என்று நினைத்துக் கட்டினார்களோ, அது கட்டடத்திலேயே தெரிகிறது.

வேலை வருவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் நிலமும் வரிச் சலுகையும் கொடுக்கும்போது, சர்வீஸையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். இத்தனை பேர் நிரந்தரம், இத்தனை வருஷம், முன்பே கிளம்பினால் மிச்ச வருஷங்களுக்கான சம்பளத்தில் இவ்வளவு பங்கு என்று. போஹுமின் நிபந்தனை 2006இல் காலாவதியானது, பதினாறு மாதத்தில் மூடல் அறிவிப்பு வந்தது. தேதி போட்ட நிபந்தனை அந்தத் தேதி வரைக்கும் தாங்கியது என்றும் இதைப் படிக்கலாம். கம்பெனி கிளம்பினாலும் தொழிலாளியின் பெயரில் தொடரும்படி, மண்டலம் முழுவதற்கும் பொதுவான ஒரு சர்வீஸ் கணக்கை அரசே வைக்கலாம். கட்டுமானத் தொழிலாளருக்கு நல வாரியம் வைத்த மாநிலத்துக்கு இது புதிய யோசனை இல்லை. முதலாளி மாறினாலும் தொழிலாளியின் பதிவு மாறாது என்ற ஏற்பாடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பக்கம் போகும் பேருந்தில், கழுத்தில் அட்டையோடு ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவண்ணாமலைப் பக்கமாம். பேச்சுவாக்கில் கேட்டேன், "எத்தனை வருஷமாம்மா வேலை பாக்குற?"

"வருஷமா?" என்று ஒரு கணம் யோசித்தாள். "ஏழு மாசம் ஆகுதுக்கா. எங்க லைன்ல நான்தான் சீனியர்."